ஆறாவது நகல்

1971 ஜூன் 12, சனிக்கிழமை. ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் குழாயில் ஐந்தரைக்குத் தண்ணீர் வந்தது. ஆறரைக்குள் நான்கு குடமும் அண்டாவும் நிறைந்தன. அம்மா சங்கரா மீன் கழுவினாள். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு அன்று விடுமுறை. எட்டு மணிக்கு அத்தை தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். மேசையில் அன்று இரண்டு இயந்திரங்கள் இருந்தன.

அத்தை அப்பாவின் தங்கை. முப்பத்தொரு வயது, மணமாகாதவள். கப்பல் சரக்கு ஏஜென்ட் ஒருவருக்குப் பட்டியல்களை வீட்டிலேயே அடித்துக் கொடுப்பாள். இதுவரை நான்கு நகல் கேட்டவர், திங்கட்கிழமை முதல் ஆறு வேண்டும், முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். பழைய இயந்திரத்தில் ஐந்தாவது தாளே மங்கல். ஆறாவதில் எழுத்து இருப்பதாக நம்பத்தான் வேண்டும். அதனால் அப்பா பாரிமுனைக் கடை ஒன்றிலிருந்து புது இயந்திரத்தை ஒரு வாரப் பரீட்சைக்கு வாங்கி வந்திருந்தார்.

எனக்குப் பத்து வயது. நோட்டில் கோடு போட்டு இரண்டையும் ஒப்பிட்டேன். சத்தம், வேகம், ஆறாவது தாள் என எல்லாவற்றிலும் புதியதே வென்றது. "வெண்ணெய் மாதிரி போவுது" என்று அத்தையே நான்கு தடவை சொன்னாள்.

பத்து மணிக்கு மெக்கானிக் வந்தார். திருவொற்றியூரிலிருந்து சைக்கிளில் வருகிறவர். மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தவர், அந்த வருஷம் வாரம் ஒருமுறை வந்தார். இயந்திரம் அவ்வளவு பழசாகிவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டிலும் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, அவர் அப்பாவிடம் சொன்னார்: "நெசமா சொன்னா புச்சே வாங்கிக்குங்கண்ணே. ஒரு வருசத்துக்குக் கம்பெனி ஆளே வந்து பாத்துக்குவான். நான் சைக்கிள மிதிச்சிகினு வர்ற வேலையே இல்ல."

தன் வருமானத்தை விட்டுக்கொடுத்து அவர் சொன்ன யோசனை. அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது.

"இத்தினி நாளு வந்தது பேஜாரா இருந்துச்சா?"

"ஐயோ, அப்பிடிச் சொல்லலீங்க."

"பழசுக்கு இன்னா செஞ்சா ஆறு காப்பி வரும்? அத்த மட்டும் சொல்லுங்க."

"தாள் சுத்துற ரோலர் குழி வுழுந்துகீது. கெட்டி ரோலரா போட்டா வரும். சத்தம் ஜாஸ்தியா இருக்கும். வூட்ல ஒண்ணு கீது…"

"கொண்டாங்க."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "இப்பத்தானே வெண்ணெய் மாதிரி போவுதுன்னே!"

"வெண்ணெய்னா உருகிடும்ணே."

நான் நோட்டை நீட்டினேன். அத்தை அதைப் பார்க்கவில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா மட்டும் சிரித்தாள். ஏன் என்று கேட்டதற்கு, பூனை மீனை எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

மாலை நான்கு மணிக்கு அவர் ரோலரோடு வந்தார். மாட்ட ஒன்றேகால் மணி நேரமும் இரண்டு காபியும் ஆயின. பிறகு அத்தை ஆறு தாள், ஐந்து கார்பன் செருகி ஒரு பக்கம் அடித்தாள். சுவரே அதிர்ந்தது. கடைசித் தாளை உருவி அவரிடம் கொடுத்தாள். அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். கப்பல் சரக்குப் பட்டியலை அவ்வளவு நிதானமாக வாசித்த ஒருவரை நான் அதற்குப் பின் பார்த்ததில்லை. ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. திங்கட்கிழமைக்கான பட்டியல்கள் முழுவதையும் அத்தை ஏழு மணிக்குள் அடித்து முடித்துக் கட்டி வைத்தாள்.

இனிமேல் அவர் அடிக்கடி வர வேண்டியிருக்காது, எல்லாம் சரியாகிவிட்டது என்றார் அப்பா.

மறுநாள் ஞாயிறு. மாதா கோயில் பூசைக்குக் கிளம்பும் முன், முதல் வேலையாக, அத்தை பழைய இயந்திரத்தைப் பக்கவாட்டில் சாய்த்தாள். வரி முடியும்போது ஒலிக்கும் சின்ன மணியின் திருகில் பேனாக்கத்தி முனையை வைத்து இடப்பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றினாள். இறுக்குகிறாள் என்று நினைத்தேன். பிறகு ஒரு வரி அடித்துப் பார்த்தாள். மணி ஒலிக்கவில்லை. "பாத்தியா, மணி ரிப்பேரு" என்றாள். பாவம் அத்தை, நேற்றுத்தானே சரிசெய்தது என்று வருந்தி, நோட்டில் அதையும் குறித்துக்கொண்டேன்.