முருகன் வேண்டாமென்ற கார்

அக்கா கட்டைவிரலால் அழுத்தியதும் அந்தக் காரின் கதவுத் தகடு லேசாக உள்ளே போனது. விரலை எடுத்ததும் ‘டப்’ என்று பழையபடி வெளியே வந்தது. கரோல் பாகில், அக்காவின் அலுவலகத் தோழி வீட்டு வாசலில் நின்ற கார் அது. எண்பதுகளில் மலிவு விலையில் புதிதாக வந்து, தில்லியில் எங்கள் மாதிரி உத்தியோகக் குடும்பங்களுக்கும் கார் ஆசையைக் கிளப்பிவிட்ட சின்னக் கார்களில் ஒன்று. அக்கா இன்னொரு முறை அழுத்தினாள். மறுபடியும் டப். தோழி சிரித்தாள். அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

நான் அப்போது கல்யாணமாகாதவள். ஓர் அமைச்சகத்தில் தட்டச்சு வேலை. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் அக்காவோடும் அத்திம்பேரோடும் இருந்தேன். அத்திம்பேருக்கு ஆஸ்துமா, இழுப்பு உண்டு. மற்றவர்கள் வீட்டில் குளிர்காலம் வந்தால் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையை வெயிலில் போடுவார்கள். எங்கள் வீட்டில் மாத்திரைகளை எண்ணி வைத்துக்கொள்வோம். முந்தின வருஷம் ஒரு விடியற்காலையில் அவருக்கு மூச்சு முட்டியது. நான் டாக்ஸி ஸ்டாண்டுக்கு ஓடினேன். எதிரே நிற்கும் ஆள் தெரியாத மூடுபனி. கட்டிலில் போர்த்திக்கொண்டு படுத்திருந்த டிரைவர் எவரும் எழுந்திருக்கவில்லை. வெயில் வரும்வரை அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவர் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. அன்று அவர் பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம், வேறொன்றுமில்லை. அந்த வாரமே காருக்குப் பதிவு செய்தார்கள்.

இப்போது எங்கள் முறை வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் சரி என்று சொல்லாவிட்டால் வண்டி அடுத்தவருக்குப் போய்விடும். ஓட்ட வேண்டியவள் அக்காதான். ஸ்டியரிங் பிடித்திருக்கும்போது இழுப்பு வந்தால் என்ன ஆவது என்று அத்திம்பேரை டாக்டர் தடுத்திருந்தார். அக்கா சரோஜினி நகர்ப் பக்கம் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டக் கற்றிருந்தாள். பேப்பரில் வரும் விபத்துச் செய்தி ஒன்று விடாமல் படிப்பாள். அலுவலகத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வெறும் தகர டப்பா, பஸ் உரசினாலே அப்பளம்தான் என்றார் ஒருவர். அதற்குப் பழைய பெரிய காரே மேல் என்றார் இன்னொருவர். அப்படி ஒன்று எங்கள் பிளாக்கிலேயே இருந்தது. ஜனவரி மாதத்தில் நாலு பேர் தள்ளினால்தான் அது கிளம்பும். அவசரத்துக்கு நாலு பேரை எங்கே தேடுவது?

அத்திம்பேர் மட்டும் பயப்படாதவர்போல் இருந்தார். தகரமானாலும் நாலு பக்கமும் மூடியிருக்கிறதே, ஸ்கூட்டருக்கு அதுவும் கிடையாதே என்று கேலி செய்வார். அக்கா சிரிக்க மாட்டாள். இரண்டு பயங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, எது சின்னது என்று தெரியாமல் தவித்தாள். கடைசியில், நம் ஊர் மனிதர்களுக்குப் புத்தி எட்டாதபோது என்ன செய்வார்களோ அதைச் செய்தாள். எங்கள் பக்கத்துக் குன்றின்மேல் இருக்கும் முருகன் கோவிலான மலை மந்திருக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி மடித்து அக்கா சன்னதியில் வைத்தாள். வெள்ளை வந்தால் வாங்கலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். தரிசனத்துக்கு வந்திருந்த யார் வீட்டுக் குழந்தையோ, பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சிறுமி, அக்கா கேட்டதும் குனிந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அக்கா பிரித்தாள். சிவப்பு.

பஸ்ஸும் லாரியும் அவள் கண்முன் வந்துவிட்டன என்று நினைக்கிறேன். பொட்டலத்தை மூடிக் கைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பாதிப் படி இறங்கியிருப்போம். மாலைக்காற்று சில்லென்று அடித்தது. அத்திம்பேர் நின்றார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சிலிருந்து வந்த அந்த விசில் சத்தம் எனக்கே கேட்டது. மாத்திரை உள்ளே போய், சத்தம் மெல்ல அடங்கும்வரை அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

“சுவாமி வேண்டாங்கறார். நான் என்னடி பண்ணட்டும், இவருக்கு மூச்சு வேணுமே.”

மறுநாளே போய்ச் சரி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கார் வீட்டுக்கு வந்த பிறகு அக்காவின் பயம் குறையவில்லை, இரட்டித்தது. பஸ்ஸுக்குப் பயந்தவள் இப்போது முருகனுக்கும் பயந்தாள். சாவியைத் திருகுமுன் உதடுகள் முணுமுணுக்கும். கோவில் வழியாகப் போனால் எந்த இடத்துக்கும் சுருக்கு வழி. அவளோ சுற்றிக்கொண்டுதான் போவாள். வாரம் தவறாமல் மலை ஏறியவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஏன் காணோம் என்று கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றாள். அவள் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் எனக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொள்ளும். ஒவ்வொரு திருப்பத்திலும், இங்கேதானோ என்று இருக்கும்.

ஜனவரியில் அந்த விடியற்காலை வந்தது. அதே மூடுபனி, அதே நீல உதடுகள். சாவியைத் திருகியதும் வண்டி முனகாமல் கிளம்பியது. அத்திம்பேர் பின்சீட்டில் சாய்ந்திருந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, சாலை ஓரத்துக் கல் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். எதிரே திடீரென்று இரண்டு மஞ்சள் விளக்குகள். ஒரு லாரி, கை நீட்டினால் தொடும் தூரத்தில், எங்களைக் கடந்து போனது. அக்கா கத்தவில்லை, நிறுத்தவுமில்லை. “ஓரம் தெரியறதா, சொல்லிண்டே வா” என்றாள். குரல் மட்டும் அவளுடையதாக இல்லை. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்த டாக்டர், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று இந்தியில் சொன்னார். அக்கா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கார்ச் சாவி இன்னும் அவள் கைக்குள்ளேயே இருந்தது.

அத்திம்பேர் அதற்குப் பிறகு எத்தனையோ குளிர்காலங்களைப் பார்த்தார். கார் எதன்மீதும் மோதவில்லை. பழசாகி, நல்லபடியாகவே கைமாறிப் போனது. இன்று கார் வாங்கப்போகிறவர்கள் மைலேஜ், ஏர்பேக் என்று என்னைச் சுற்றி உட்கார்ந்து விவாதிக்கும்போது, அந்தக் கார் வாங்கத் தகுந்ததுதான் என்று என்னால் ஒரே வரியில் சொல்லிவிட முடியும். அக்காவுக்கு அன்றைக்கு இதெல்லாம் தெரியாது.

அந்த ஜனவரியில் ஆஸ்பத்திரியிலிருந்து அவரை அழைத்து வந்த அன்று, அத்திம்பேர் கோவில் வழியாகப் போகச் சொன்னார். அவர் கேட்டதால் அக்கா மறுக்கவில்லை. மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, “நான் உட்கார்ந்திருக்கேன், நீ மேலே போய் ஒரு நமஸ்காரம் பண்ணிட்டு வா” என்றார்.

அக்கா இறங்கவில்லை. இன்ஜினையும் அணைக்கவில்லை.

“போனா சுவாமி மன்னிச்சுட்டேம்பாரோ, இல்லே, சொன்னேனே கேட்டியாம்பாரோ, தெரியலை. தெரியாமலே இருக்கட்டும். நாளைக்கும் நான்தானே இதை ஓட்டணும்.”

அத்திம்பேர் அன்று கேலி செய்யவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே மலையைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் கூப்பினேன். அக்காவின் கைகள் மட்டும் ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை.