உப்புத்தோல் வண்டியும் என் தம்பியும்

எனக்கு வயது எழுபத்தெட்டு. வளர்த்தது ஐந்து பேர். பெற்றது நான்கு, அதற்கு முன்னால் வளர்த்தது என் தம்பியை. அவன் கர்த்தரிடம் போய் ஒரு வருடம் ஆகிறது. எனக்குக் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் எழுத்து. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நினைவு மலரில் அச்சாகி வருகிறதே, "அவர்" என்று போடட்டுமா என்று கேட்டாள். உங்களுக்கெல்லாம் அவர்தான். எனக்கு இடுப்பில் இருந்தவன். அவன் என்றே எழுதச் சொல்லிவிட்டேன்.

தம்பி பிறந்தது பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில். அவனைப் பெற்ற கையோடு அம்மா தவறிவிட்டாள். எனக்குக் கல்யாணமாகி ஆம்பூருக்கு வரும்போது அவனையும் தூக்கிக்கொண்டு வந்தேன். "சீரு இன்னா கொண்டாந்தா? அண்டா இல்ல, குண்டா இல்ல, ஒரு தம்பியக் கொண்டாந்தா" என்று என் மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிக் காலத்தில் அதே மாமியாரைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தது அந்தச் சீர்தான்.

படிப்பு ஏறவில்லை. லாரியில் கிளீனராகப் போனான், டிரைவரானான். பிறகு பழைய டீசல் வண்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கினான். மண்டியில் உப்புப் போட்டு அடுக்கியிருக்கும் பச்சைத்தோலை ஏற்றிக்கொண்டு போய், தோல் பதனிடும் ஷாப்பில் இறக்குவதுதான் வேலை. அந்த வாடை உங்களுக்குத் தெரியும். குளிக்காமல் பிள்ளைகளைத் தொடமாட்டான். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் அதே வண்டியில்தான் ஆலயத்துக்குப் போவோம். அதனால் சனிக்கிழமை தோறும் வண்டியைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவுவான். பின்பக்கப் பலகையில் மூக்கை வைத்து மோந்து பார்த்து, வாடை போகவில்லை என்றால் மறுபடியும் தண்ணீர் ஊற்றுவான்.

போன வருடம் வண்டிக்கு இழுவை போய்விட்டது. லோடு ஏற்றிக்கொண்டு வரும்போது பள்ளிகொண்டா பக்கத்து மேம்பாலத்தில் ஏறமாட்டேன் என்றது. பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடிப்பானாம். அந்தச் சமயம் பார்த்துத் தம்பிக்கும் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. வண்டி பாயின் ஷெட்டுக்குப் போயிற்று, தம்பி வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் போனான். பாய் என்றால் இத்தனை வருடமாக அவன் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக். தோஸ்தும் கூட.

படுக்கையில் இருந்துகொண்டு ஒன்றே ஒன்று கேட்டான். "அக்கா, என்னிய ஆம்புலன்ஸ்ல ஏத்தாத. நம்ம வண்டில முன்னாடி சீட்டுல உக்காந்துதான் வூட்டுக்கு வருவேன்."

"சரிடா."

"சும்மா சொல்லாத."

"நான் இன்னிக்கு வரைக்கும் எதையாவது சும்மா சொல்லியிருக்கேனா?" என்றேன்.

பாய் தினமும் போன் செய்வார். தம்பியின் மனைவி ரூத் போனை அவன் காதருகே பிடித்துக்கொள்வாள். எங்கள் எல்லோருக்கும் கேட்கும்.

"அண்ணே, ஏர் பில்டர் மாத்திட்டேன். டீசல் பில்டர் மாத்திட்டேன். பம்பையும் கழட்டி டெஸ்டுக்கு அனுப்பி வாங்கிட்டேன். சும்மா நிக்கும்போது நல்லாதான் ஓடுது. லோடு வெச்சி ஏத்துனா பொசுக்குனு பூடுது. பேஜாரா கீதுண்ணே."

"பொகை கறுப்பா வருதா?"

"இல்லண்ணே, வெள்ளையாதான் வருது."

தம்பி கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். "அப்போ காத்து கம்மியில்ல பாய், டீசல்தான் கம்மியா போவுது. டேங்க்க வுட்டுடு. ஒரு கேன்ல டீசல் ஊத்தி, அங்கேர்ந்து நேரா பம்புக்கு ரப்பர் ஓஸ் குடுத்து ஏத்திப் பாரு."

மறுநாள் பாய் அப்படியே செய்து, ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் லோடோடு ஏற்றிப் பார்த்தார். வண்டி ஏறிவிட்டது. ஆக, குறை டேங்குக்கும் பம்புக்கும் நடுவில். நடுவில் உள்ளே தெரிகிற ஓஸ் ஒன்றை மாட்டிப் பார்த்தால், டீசலோடு குமிழ் குமிழாகக் காற்றும் வந்ததாம். வண்டிக்கு அடியில் போகிற இரும்பு பைப்பில், கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் உப்பு அரித்து ஊசிக்கண் அளவு ஓட்டை. டீசல் சொட்டியிருந்தால் தெரிந்திருக்கும். எஞ்சின் உறிஞ்சும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போயிருக்கிறது, அவ்வளவுதான். கிளிப்பில் தோல் முடியும் உப்பும் கெட்டியாக அப்பிக்கிடந்தது என்றார்.

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாறக்கூடாதுன்னு கழுவுனேன் பாய். உப்பெல்லாம் கரைஞ்சி கீழ எறங்கிகீது. மேல மோந்து பார்த்தேனே, அடில குனிஞ்சி பார்த்தேனா?"

"நாத்தமே இருந்திருக்கலாம்ணே. வண்டியாவது ஓடியிருக்கும்."

சிரித்ததில் இருமல் வந்து நர்ஸம்மா வந்து போனை வாங்கி வைத்தார்கள். அவன் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

பாய் புது பைப்பை உப்புத்தண்ணி படாத பக்கமாக மாற்றிப் போட்டு, காற்றை எடுத்துவிட்டு, நாளைக்கு வண்டியோடு வருகிறேன் என்றார். டாக்டரும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்லியிருந்தார். மறுநாள் காலை ரூத் அவனுக்குத் தலை சீவிவிட்டாள். சட்டை மாற்றினோம். பாய் வழியில் இருக்கும்போதே தம்பி போய்விட்டான்.

பாய் வண்டியை நிறுத்திவிட்டு மேலே ஓடி வந்தார். முன் சீட்டில் அவனுக்காக ஒரு தலையணை வைத்திருந்தார்.

உறவுக்காரர் ஒருவர் ஆம்புலன்ஸ் பேசப் போனார். நான் வேண்டாம் என்றேன். "தோல் வண்டிலயா எடுத்துக்கினு போவ? பாக்கறவன் இன்னா பேசுவான்?" என்றார்.

"அந்த நாத்தத்துலதான் நாம எல்லாம் சோறு துன்னோம். வண்டில ஏத்துங்க" என்றேன்.

எல்லோரும் ரூத்தைப் பார்த்தார்கள். "அண்ணி சொன்னபடியே செய்யுங்க" என்றாள்.

வண்டியின் பின்னால் கோரைப்பாயை விரித்துப் படுக்க வைத்தோம். முன் சீட்டுத் தலையணையை எடுத்து அவன் தலைக்கு வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அழுகை வரவில்லை. எஞ்சின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன். வண்டி அவன் பிறந்த ஊர்ப் பக்கம் தாண்டியது, அந்த மேம்பாலம் வந்தது. பாய் கியரைக் குறைக்கவில்லை. சத்தம் மாறவில்லை. ஒரே மூச்சில் ஏறி இறங்கிவிட்டது.

"ஏறிடுச்சிடா" என்றேன். வேறொன்றும் தோன்றவில்லை. இந்த ஒரு வருடமாகவும் தோன்றவில்லை.

வண்டியை ரூத் ஆள் வைத்து ஓட்டுகிறாள். சனிக்கிழமை கழுவும்போது அடியிலும் தண்ணீர் அடிக்கிறோம். அவனைப் பார்த்துக்கொண்ட டாக்டர், நர்ஸம்மாக்கள், அடக்க ஆராதனை நடத்திய போதகர், மூன்று வேளையும் சாப்பாடு அனுப்பிய பக்கத்து வீட்டு பீபி, எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கோபித்துக்கொண்டு பஸ்ஸில் வந்த உறவுக்காரரும் குழியில் ஒரு பிடி மண் போட்டார். அவருக்கும் நன்றி. பாய்க்கு நான் நன்றி சொன்னால் திட்டுவார்.

எழுதிட்டியாடி? எங்க, மொதல்லேர்ந்து ஒரு தபா படி, கேக்கறேன். பாலம் வர்ற எடத்துல என் மூஞ்சப் பாத்துக்கினு நிக்காத. நிறுத்தாம படிச்சிக்கினே போ.