லேபிள்காரர் வீட்டு நுரை

மருந்துக்கடையில் முப்பது வருடமாக மருந்து எடுத்துக் கொடுப்பவர். தெருவில் அவர் பெயர் லேபிள்காரர். எந்தப் பாட்டிலானாலும் எடுக்கும்போது ஒரு தடவை, ஊற்றும்போது ஒரு தடவை, திரும்ப வைக்கும்போது ஒரு தடவை பெயரைப் படிப்பார். வீட்டுச் சர்க்கரைக்கும் அதே மரியாதைதான். வாங்கி வரும் சாமான் எல்லாம் ஒரே மாதிரி பாட்டில்களுக்கு மாறி, அவர் கையெழுத்தில் பெயர் தாங்கி நிற்கும். மாப்பிள்ளை காபி போட்டால் குடிப்பதற்குள் மறுநாள் வந்துவிடும் என்பது கூடவே இருக்கும் மாமியாரின் நிரந்தரப் புகார்.

மனைவிக்கு வலது மணிக்கட்டு உடைந்து கட்டுப் பிரித்தபோது, ஆறு வாரத்துக்குப் பாத்திரம் தேய்க்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிங்க்கில் ஒரு டம்ளர் கிடந்தாலும் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. அதனால்தான் டிஷ்வாஷர் வாங்கினார்.

நாலாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை, மெஷின் பாதியில் நின்று கத்தியது. திரையில் E4. கதவுக்கு அடியிலிருந்து நுரை சாவகாசமாக வெளியே வந்தது. பாத்திரம் அடுக்கிப் பட்டனை அமுக்கியது மாமியார்.

“அம்மா, நீதான் எதையோ மாத்தி அமுக்கியிருப்ப” என்ற மனைவி, அதற்குள் இடது கைச் சட்டையை மடித்துவிட்டிருந்தாள். “விடுங்க, ஒரு கையாலயே கழுவிடுறேன்.”

லேபிள்காரர் யாரையும் ஈரத்தில் கால் வைக்கவிடவில்லை. எழுத்தையும் எண்ணையும் முதலில் தாளில் குறித்துக்கொண்டார். பிளக்கைத் தொடாமல், கூடத்துக்குப் போய் மெயின் போர்டில் சமையலறை லைனை அணைத்தார். பிறகு தண்ணீர்க் குழாயை மூடி, தரையைத் துடைத்து, கையேட்டைப் பிரித்தார். E4 என்றால் அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. குழாய் இணைப்பு உலர்ந்திருந்தது. கதவு ரப்பரில் கீறல் இல்லை. ஃபில்டரில் ஒரு எலுமிச்சை விதை மட்டும்.

மாமியார் ஸ்க்ரூ டிரைவரை நீட்டினார்.

“அடித்தகட்டைத் திறக்கறது நம்ம வேலை இல்ல அத்தை” என்று சொல்லிவிட்டு மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டார்.

மெக்கானிக் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்ன சோப்பு ஊற்றினீர்கள் என்றார். இவர் லேபிளைக் கம்பீரமாகப் படித்தார்: மெஷின் திரவம்.

“லேபிள் கிடக்கட்டும் சார். ஒரு கிண்ணம் தண்ணில ரெண்டு சொட்டு விட்டுக் கலக்குங்க. மெஷின் திரவம்னா நுரைக்காது.”

கிண்ணம் நுரை பொங்கி வழிந்தது.

சனிக்கிழமை கழுவிக் காயவைத்த இரண்டு காலிப் பாட்டில்களுக்கு, மெஷினுக்கு ஒன்று, கையால் பாத்திரம் தேய்க்கும் சோப்புக்கு ஒன்று என்று முதலிலேயே லேபிள் ஒட்டிவிட்டு, ஃபோனில் பேசிக்கொண்டே நிரப்பியது நினைவுக்கு வந்தது. காலிப் பாட்டிலில் லேபிள் ஒட்டியதற்காகக் கடையில் எத்தனை பேரைக் காய்ச்சியிருக்கிறார்!

மாமியார் இன்னும் ஸ்க்ரூ டிரைவரோடு குற்றவாளி மாதிரி நின்றார். பேசாமல் இருந்துவிட்டால் பழி அங்கேயே தங்கிவிடும். லேபிள்காரர் தொண்டையைச் செருமினார்.

“பாட்டிலை மாத்தி ரொப்புனது நான்தான். அத்தை மேல தப்பில்ல.”

மாமியார் ஸ்க்ரூ டிரைவரை டிராயரில் போட்டார். போட்ட சத்தத்திலேயே எல்லாம் இருந்தது.

உள்ளே இருக்கும் நுரையை அள்ளிவிட்டு, ஒரு நாள் முழுக்க லைனைப் போடாமல் காயவிடுங்கள், அப்புறம் சோப்பில்லாமல் காலியாக ஓட்டிப் பாருங்கள், மறுபடி E4 வந்தால் நானே வருகிறேன் என்றார் மெக்கானிக்.

மனைவியின் சட்டைக்கை இன்னும் மடித்தபடியே இருந்தது. அவர் அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தானே சிங்க்கில் நின்று, ‘கை சோப்பு’ என்ற பாட்டிலை எடுத்து வழக்கம்போல் படித்தார்.

“படிக்காதீங்க மாப்பிள்ளை” என்றார் மாமியார். “அதுலதான் மெஷின் மருந்து இருக்கு. கை எரிஞ்சிடும்.”

மறுநாள் சாயங்காலம் மெஷின் காலியாக ஓடி முடிந்தது. E4 வரவில்லை. மனைவி எழுந்து இடது கையால் ஒரு டம்ளரை உள்ளே வைத்தாள். அவர் பார்த்தார்.

“இது தேய்க்கறது இல்லீங்க, வைக்கறதுதான்” என்றாள்.