சத்தம் வராத பீரியட்

தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தனியார் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே என் மேல் புகார் வந்தது. வகுப்பில் சத்தம் தாங்கவில்லை என்று புகார் வாங்கியவர்கள் பலர் உண்டு. சத்தமே இல்லை என்று வாங்கிய முதல் ஆள் நான்தான் என்றார் ஹெச்.எம். மேடம்.

ஆறாம் வகுப்பு டைம்டேபிளில் ரீடிங் பீரியட் என்று ஒன்று இருந்தது. எனக்கு முன்னால் இருந்த ஆசிரியர் பாடத்தில் ஒரு வரி சொல்வார், வகுப்பு மொத்தமும் அதைத் திருப்பிச் சொல்லும். பஸ் ஸ்டாண்டு வரை கேட்குமாம். நான் பீரோவைத் திறந்து கதைப் புத்தகங்களை மேஜையில் பரப்பினேன். இன்ஸ்பெக்‌ஷனில் காட்ட வேண்டிய புத்தகங்கள், பிள்ளைகள் தொட்டால் அழுக்காகிவிடும் என்று மேடம் தயங்கித்தான் சாவி கொடுத்தார். பிடித்ததை எடுத்துக்கொள், மனசுக்குள்ளேயே படி, தெரியாத வார்த்தை வந்தால் தாண்டிப் போ. என் விதிகள் இவ்வளவுதான். வேற்று மொழி, தானாகப் படித்தால்தான் கைவரும் என்று பி.எட். வகுப்பில் சொன்னதை நான் உண்மையாகவே நம்பினேன்.

முதல் நாள் பிள்ளைகள் இதைத் தண்டனை என்று நினைத்தார்கள். "இன்னா சார் தப்பு பண்ணோம்?" என்று ஒருவன் எழுந்து கேட்டான்.

முதல் புகார்

எங்கள் பக்கம் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகளில் இரண்டு குடும்பத்துக்கு நடுவே ஒரு சுவர். ஒரு வீட்டுப் பிள்ளை படிக்கிறதா என்பது நாலு வீட்டுக்குத் தெரியும். என் அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. நான் படிப்பதை அவரால் காதால்தான் சோதிக்க முடியும். குரல் நின்றால் உள்ளேயிருந்து "இன்னா, தூக்கமா?" என்று கேட்பார். நான் கணக்கைக்கூடச் சத்தமாகத்தான் போட்டேன். இதெல்லாம் தெரிந்தும் பிள்ளைகளின் வாயை மூடி அனுப்பினேன்.

புகாரோடு வந்தவர் என் வகுப்பு கீர்த்தனாவின் அம்மா செல்வி. கணவர் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய், மகள் தூங்கிய பிறகு திரும்புகிறவர். அதனால் மகள் படிப்புக்கு இவர்தான் பொறுப்பு.

"வூட்ல பாட புக்க வெச்சிக்கினு சும்மா குந்திக்கினு கீது சார். வாயே அசைய மாட்டேங்குது. ஸ்கூல்லருந்து நிறுத்திட்டியான்னு பக்கத்து வூட்டு அக்கா கேக்குறாங்க."

மௌன வாசிப்பின் நன்மைகளை நான் நிதானமாக விளக்கினேன். புரிந்துகொள்ளும் திறன், சொல்வளம், தன்னம்பிக்கை என்று எதையும் விடவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி சார். சத்தம் எப்ப வரும்?"

அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். பேரன்ட்ஸ் மீட்டிங்கில் பேசிக்கொள்ளலாம், அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லையென்றால் அந்த பீரியட் டிக்டேஷனுக்குப் போகும், "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்" என்றார் மேடம், 'கொஞ்சம்' என்பதைக் கன்னடத்தில் சொல்லி. கீர்த்தனாவை ஆண்டர்சன்பேட்டையில் சத்தமாகப் படிக்கவைக்கும் டியூஷனில் சேர்ப்பதாகச் செல்வி முடிவு செய்திருந்தார். கீர்த்தனா அப்போது ஆற்று வெள்ளம் பற்றிய ஒரு கதையின் பாதியில் இருந்தாள். டிக்டேஷன் வந்தால் இந்தப் புத்தகம் என்ன ஆகும் என்று கேட்டாள். பத்திரமாக பீரோவில் இருக்கும் என்றேன்.

"பீரோவுல இருந்து இன்னா பண்றது சார்?"

மீட்டிங்

மேடம் முதலில் அடுத்த செக்‌ஷன் ஜோயலை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொன்னார். ஜோயல் முழங்கினான். நடுவில் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டான். குரல் மட்டும் வரி தப்பாமல் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வேறு வழியில்லை.

அடுத்து கீர்த்தனா. வெள்ளக் கதையில் ஒரு பக்கம் வாசித்தாள். வார்த்தைக்கு வார்த்தை நின்றாள். கடைசி வரிசைக்குக் குரலே போகவில்லை. ஒரு அப்பா எனக்கு ஆறுதலாக, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பீரியடை மாற்றி எழுத மேடம் டைம்டேபிளை வெளியே எடுத்துவிட்டார்.

செல்விக்கு அவமானம். மகளைப் பார்த்து, "இத்தினி நாளா அதுல இன்னாதான் பாத்துக்கினு இருந்த?" என்றார். திட்டத்தான் கேட்டார். கீர்த்தனா அதைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டு தமிழில் பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

ஆறு பெருகி ஊருக்குள் வருகிறது. ஒரு குடும்பம் கூரை மேல் ஏறி நிற்கிறது, அவர்களோடு ஓர் ஆடும். படகுக்காரர் ஆட்டுக்கு இடமில்லை என்கிறார். அந்த வீட்டுப் பெண் ஆட்டைக் கூரையிலேயே கட்டிவிட்டு, திரும்பி வருவேன் என்று அதனிடம் சொல்லிவிட்டுப் படகில் ஏறுகிறாள். படகு தள்ளாடியதை கீர்த்தனா தோளை ஆட்டிக் காட்டினாள். யாரும் கைப்பேசியைப் பார்க்கவில்லை.

"காலைல திரும்பி வர்றாங்க. கூரை மேல கயிறு மட்டும்தான் கீது."

"அப்புறம்?" என்றார் செல்வி.

"அவ்ளோதான். பெல் அடிச்சிட்டாங்க."

ஹாலில் சலசலப்பு. ஆடு என்ன ஆனது என்று முன்வரிசை அப்பா என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்தப் புத்தகத்தை நானும் படித்ததில்லை. ஆசிரியருக்கே தெரியாத கதை இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் மனைவி மெதுவாகக் கேட்டார். அவ்வளவு நாள் நான் விளக்க முயன்றது அதுதான்.

செல்வி எழுந்து, "அந்த பீரியட எடுத்துடாதீங்க மேடம். அது கதய முடிக்கட்டும்" என்றார். டியூஷன் பேச்சு அதோடு நின்றது. மேடம் டைம்டேபிளை மடித்து உள்ளே வைத்தார். பி.எட். சாதிக்காததை ஒரு ஆடு சாதித்தது.

இரண்டாவது புகார்

மீட்டிங்குக்குப் பிறகு புத்தகங்களை வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். அந்த டெர்ம் முடிவதற்குள் செல்வி மறுபடியும் வந்தார்.

"கூப்ட்டா திரும்ப மாட்டேங்குது சார். சோறு ஆறிப்போவுது. அந்தக் கத எப்பவோ முடிஞ்சிச்சு, இது வேற புக்குன்னு சொல்லுது. கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

கண்டிப்பதாக வாக்குக் கொடுத்தேன். என் வேலைக்கு இதுவரை கிடைத்த நல்ல சான்றிதழ் இந்தப் புகார்தான்.

மறுநாள் ரீடிங் பீரியடில் கீர்த்தனாவின் பெஞ்சுக்குப் போனேன். ஜன்னலோரம் நின்று, கடினமான வார்த்தை ஏதாவது இருக்கிறதா, சொல்லித் தரட்டுமா என்று ஆசையாகக் கேட்டேன். அவள் தலை நிமிரவில்லை.

"சார், கொஞ்சம் நகருங்க சார். வெளிச்சம் மறைக்குது."

நகர்ந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் அதுதான். பிள்ளைகளுக்குப் பீரோவைத் திறந்து கொடுங்கள். கொடுத்த பிறகு ஜன்னலை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.