திரும்பி வராத கை

கொருக்குப்பேட்டை ரயில்வே யார்டில் பதினைந்து வருடமாக மூட்டை தூக்கும் சின்னப்பையனுக்குக் குத்துச்சண்டை படியவில்லை. மூட்டையைத் தள்ளுவதுபோலவே குத்தையும் தோளால் தள்ளினான். நீட்டிய கை உடனே திரும்பவில்லை. மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் சாலமோன் பயிற்சிக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அவன் கை போன வேகத்தில் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு மாஸ்டர் அவனையே தேர்ந்தெடுத்தார்.

"நீ பையைப் புடிச்சிக்கோ நைனா," என்றார் சின்னப்பையனிடம்.

குத்துப்பையை அணைத்து நின்றவனுக்கு ஒவ்வொரு குத்தும் நெஞ்சில் இறங்கியது. சாலமோன் வலக்கையால் குத்தும்போதெல்லாம் அவன் இடக்கை தாடையை விட்டுக் கீழே இறங்கியது. எதிராளிக்கு அந்த இடைவெளி போதும். மாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை; சின்னப்பையன் கவனித்தான்.

"எப்படி இருக்குண்ணே?" என்று கேட்டான் சாலமோன்.

"சூப்பரா கீதுடா. இப்டியே அடி."