பேச்சைப் பார்த்தால் தெரியவில்லை

மலைக்குக் கீழே கீழ்நாட்டுக்காரர்கள் இட ஒதுக்கீடு கேட்டு மரங்களை வெட்டிச் சாலையில் போட்டு மறியல் செய்துகொண்டிருந்த காலத்தில் நான் பிளஸ் டூ முடித்தேன். ஆசிரியர் பயிற்சியில் சேர வேண்டும் என்பது மட்டும்தான் எனக்கு ஆசை. மலைவாழ் மக்களுக்கான சீட்டு இருக்கிறது, சாதிச் சான்றிதழைக் கொண்டுவா என்று சொல்லிவிட்டார்கள். கூடப் படித்த கீழ்நாட்டுப் பெண் ஒருத்தி, "உனுக்கு இன்னாடி, மலைக்காரி, சும்மாவே குடுப்பாங்க. நாங்கதான் ரோட்டுல நின்னு கத்திக்கினு கெடக்கறோம்" என்றாள். மறியலில் அவள் அண்ணனைப் போலீஸ் பிடித்துப்போயிருந்தது. அந்த எரிச்சல் அவளுக்கு. சும்மா கிடைப்பது எப்படிக் கிடைக்கிறது என்று எனக்கே அப்போது தெரியாது.

கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி எங்கள் ஊர். ஆறு வயதில் என்னைக் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு விடுதியில் கொண்டுவந்து விட்டார்கள். எங்கள் பேச்சும் தமிழ்தான். கீழே இருப்பவர்கள் காதில் அது தமிழாக விழவில்லை, அவ்வளவுதான். எங்கள் ஊரில் பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் 'நீ'தான். விடுதிச் சமையல்காரம்மாவிடம் "நீ சோறு போடு" என்று கேட்டேன். கரண்டியாலேயே ஒன்று வைத்தாள். "வாங்க போங்கன்னு பேச வராதா? காட்டுல வளந்ததா நீ?" காட்டில் வளர்ந்தவள்தான். அதிலென்ன தப்பு?

பிள்ளைகளுக்குப் புதுப் பேச்சு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் மெச்சுவார்கள். அடி விழுந்தால் இன்னும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், அதை யாரும் சொல்வதில்லை. லீவுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவைப் பார்த்து "வாங்கம்மா" என்றேன். அம்மா திரும்பி, பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தாள். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். லீவு முடிவதற்குள் அவளும் அப்படியே பேசினாள். அதுவரை மலையை விட்டு இறங்கியதே இல்லை அவள். என்னிடமிருந்து அவளுக்கு, அவளிடமிருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று அது பரவியது. மலைச் சொல்லுக்குக் கீழ்நாட்டு வாலை ஒட்டி, இரண்டிலும் சேராத ஒரு பேச்சு எங்கள் தெருவில் உண்டானது. பெரியவர்கள் முதலில் திட்டினார்கள். பிறகு பிள்ளைகளோடு மல்லுக்கட்ட முடியாமல் அவர்களும் பாதி அப்படியே பேச ஆரம்பித்தார்கள்.

சான்றிதழ் விசாரணைக்கு அம்மாவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனேன். அன்றைக்கு மறியலால் பஸ் கச்சிராயபாளையத்தோடு நின்றுவிட்டது. மிச்ச தூரத்தை வெயிலில் நடந்தோம். அதிகாரி ஏற்கெனவே எரிச்சலில் இருந்தார். "ஊரே ஒதுக்கீடு கேட்டுக் கொதிச்சுப்போய் இருக்கு. இந்த நேரம் பார்த்து ஆளாளுக்கு மலைச்சாதின்னு வந்து நிக்கறீங்க" என்றார். எங்களை ஏமாற்றுக்காரர்கள் என்றே முடிவு கட்டியிருந்தார். "மலை ஆளுன்னா மலைப் பேச்சு தெரியணுமே. எங்க, பேசுங்க பார்ப்போம்."

அம்மா கையைக் கட்டிக்கொண்டு, "இன்னா பேசறதுங்க ஐயா? கேளுங்க, சொல்றேனுங்க" என்றாள். புளியும் கடுக்காயும் விற்கப் போகிற சந்தையில் பழகிய பேச்சு அது. வெளியாளைக் கண்டால் மலையில் யாருக்கும் அதுதான் வரும். வீட்டுப் பேச்சு வீட்டு ஆட்களுக்கு மட்டும். நான் முயன்று பார்த்தேன். விடுதியும் வீடும் நாக்கில் முட்டிக்கொண்டு உளறல்தான் வந்தது. தங்கையைக் கேட்டார். "நாங்க சாமை வெதப்போமுங்க" என்று என்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட 'ங்க'வோடு சொன்னாள். அதிகாரி பேனாவை மூடினார்.

"பேச்சப் பார்த்தா மலைன்னு தெரியலயே. கீழ இருக்கறவங்க மாதிரிதானே பேசறீங்க" என்றார். மறு விசாரணை என்று எழுதி அனுப்பிவிட்டார். கீழ்நாட்டார் மாதிரி பேசச் சொல்லி என்னை அடித்தார்கள். அப்படிப் பேசியதற்காக இப்போது துரத்துகிறார்கள். அந்த மேஜையைக் கவிழ்த்துப் போட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

வெளியே வேப்பமரத்தடிக்கு வந்ததும் அம்மா வெடித்தாள். அதிகாரியின் தலைமுறையையே இழுத்து, அசல் மலைப் பேச்சில், ஒரு சொல் கலக்காமல் திட்டினாள். வாசலில் நின்ற பியூன் சிரித்துவிட்டார். "ஏம்மா, இத்த உள்ள பேசியிருந்தா வேலை முடிஞ்சிருக்குமே!"

அம்மா சட்டென்று சந்தைப் பேச்சுக்கு மாறினாள். "அது எப்படிங்க? அவரு நம்ம வூட்டாளுங்களா?"

அந்த வருடச் சீட்டு போயிற்று. மறு விசாரணை வருகிறவரை எங்கள் வீட்டில் ஒத்திகை நடந்தது. அம்மா சொல்லச் சொல்ல நானும் தங்கையும் சொந்தப் பேச்சையே கூத்து வசனம் மாதிரி மனப்பாடம் செய்தோம். நாங்கள் தப்பாகச் சொன்னால் அம்மா தன் தலையில் அடித்துக்கொள்வாள். பிறகு வந்த அதிகாரி எங்களைப் பேசவே சொல்லவில்லை. அப்பாவின் மலை நிலப் பட்டாவைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பட்டா முதல் தடவையும் எங்கள் பையில்தான் இருந்தது.

பயிற்சி முடித்து மணலூர்பேட்டைப் பக்கம் பல வருடம் வேலை பார்த்தேன். பிறகு நானே கேட்டு மலைக்கு மாற்றல் வாங்கினேன். எங்கள் ஊர் கிடைக்கவில்லை, மலையின் மறுபக்கம் ஒரு பள்ளிக்கூடம். ஒன்றாம் வகுப்பில் ஒரு குட்டிப் பெண் என்னைப் பார்த்து "நீ இங்க வா" என்றது. மற்ற பிள்ளைகள் பதறிப்போய் அதன் வாயைப் பொத்தினார்கள். எனக்கோ வயிறு குளிர்ந்துபோனது. இந்த வகுப்பில் கரண்டி அடி கிடையாது என்று முடிவு செய்தேன். அன்று முதல் அந்தக் குழந்தையிடம் மலைப் பேச்சிலேயே பேசினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கொஞ்ச நாளில் அதன் அம்மா வந்து வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், சின்னப் புள்ளைங்க. தெரியாம பேசிட்டா. அதுக்காக அவ பேசற மாதிரியே பேசிக் கிண்டல் பண்றீங்களாமே. வூட்டுல வந்து அழுவுறாளுங்க."

"கிண்டல் இல்லம்மா. நானும் மலைதான்" என்றேன். எனக்குத் தெரிந்த மலைப் பேச்சில்தான் சொன்னேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள்.

"அப்படீங்களா? பேச்சப் பாத்தா தெரியலீங்களே."