நடைமுறைப்படி ஒரு முறைப்பாடு

யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், வேலை பார்த்து ஓய்வுபெற்று, பிராங்பேர்ட்டில் மகளோடு வாழ்கிறேன். எழுத்தில் இல்லாத எதையும் நம்பாதவன்.

பேத்திக்கு அப்போது இரண்டாம் வகுப்பு. வெளியே போகும்போது பிள்ளைகள் சோடி சோடியாகக் கைகோத்து நடப்பார்கள். இவள் கையைப் பிடிக்க மட்டும் யாரும் வரவில்லை, நிறம் ஒட்டிவிடுமாம். பிள்ளைகளோடும் பெற்றோரோடும் தானே பேசுவதாக இளம் ஆசிரியை சொன்னார்.

“ரீச்சர் கதைக்கிறன் எண்டவ. கொஞ்சம் பொறுங்கோ அப்பா,” என்றாள் மகள்.

“கதைச்சதுக்கு என்ன அத்தாட்சி? நான் சொல்லுறதை ஜெர்மனிலை எழுது பிள்ளை.”

கல்வி அலுவலகத்துக்கு முறைப்பாடு போனது. பிழை காண முடியாத கடிதம்.

அடுத்த வாரம் பள்ளி வாசலில் ஆசிரியை கண் கலங்கினார். “விசாரணை முடியும்வரை வகுப்பில் இதைப்பற்றி நான் பேசக் கூடாதாம்.”

விசாரணை கோடை விடுமுறைவரை நீண்டது. ‘சிறுவர் விளையாட்டு’ என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அதுவரை பேத்தி வரிசையின் கடைசியில் தனியாக நடந்தாள். ஆசிரியையும் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்.

இப்போது முறைப்பாடு எழுதித் தரச் சொல்லி வருபவர்களிடம், “முதலிலை ரீச்சரைக் கதைக்க விடுங்கோ,” என்கிறேன். பேத்தியோ பள்ளியில் நடப்பது எதையும் வீட்டில் சொல்வதில்லை. கேட்டால், “சொன்னா நீங்கள் எழுதிப்போடுவியள் அம்மப்பா,” என்கிறாள்.